ஐஸ் துப்பாத பெட்டிக்கு மாமன் சொல்லுத வைத்தியம்

ஏலே மருமவனே, பீரோ ஒசரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜை வாங்கி வச்சுக்கிட்டு, ஐஸ் விழமாட்டேங்குன்னு மாமனுக்குப் போன் போடுதியே, நல்லாருக்கா? ட்ரேயைத் தட்டி ஐஸ் எடுக்கக் கை வலிக்குன்னுதானலே கதவுல ஓட்டை வச்சதா வாங்குன! இப்போ அது முன்னால முட்டி போட்டுக் கெடக்கே. சரி, கேளு.

மொதல்ல கதவுல பூட்டுப் படம் எரியுதான்னு பாரு. ஒம் மவன் வெளையாட்டா அமுக்கியிருப்பான். அதே பொத்தானை மூணு செகண்டு அமுக்கிப் பிடிச்சா பல பெட்டியில பூட்டு எடுத்துரும். இதுக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டா, ஒத்த விரலால அமுக்கிட்டு விசிட்டிங் சார்ஜ் வாங்கிட்டுப் போவான். வாங்கத்தான செய்வான், வெயில்ல வந்தவன்!

அடுத்து, டம்ளரை வச்சு அமுக்கையில சத்தம் வருதான்னு காது குடு. ஃப்ரீசர் கதவைச் சாத்திட்டு அமுக்கு. தொறந்திருந்தா மோட்டார் ஓடாது, அதுக்குன்னே சுவிட்ச் வச்சிருக்கான். உள்ள என்ன நடக்குன்னு எட்டிப் பாத்துக்கிட்டே அமுக்குத ஆளுதான நீ! கடகடன்னு சத்தம் மட்டும் வந்தா, தொட்டிக்குள்ள ஐஸ் மொத்தமும் ஒரே கட்டியா ஒட்டியிருக்கும். கரண்டு போயி வந்தா இளகி இறுகிரும். நாள்கணக்கா யாரும் எடுக்கலைன்னாலும் ஒட்டிரும். தொட்டியைக் கழத்தி, சிங்க்குல வச்சு வெதுவெதுப்பா தண்ணி ஊத்து. நல்லாத் தொடச்சுக் காயவிட்டு மாட்டு. ஈரத்தோட மாட்டிட்டு, மறுநாளும் எனக்குப் போன் போடாத.

கத்தியை மட்டும் எடுத்துராத. ஃப்ரீசரைக் கத்தியால குத்தி, கேஸ் புஸ்ஸுன்னு போயி, அந்தப் பெட்டியில வத்தல் போட்டு வச்ச குடும்பம்லே நம்ம குடும்பம்! இப்போ வருத பெட்டி பலதுல ஓடுதது ஐசோபியூட்டேன். அது தீப்பிடிக்குத வாயு.

தொட்டியே காலியா? அப்போ ஐஸே உறையலை. ஐஸ் மேக்கர் பக்கத்துல கம்பிக் கை ஒண்ணு இருந்தா, அதைக் கீழ எறக்கி விடு. மேல தூக்கி நின்னா, தொட்டி நெறஞ்சிட்டுன்னு மிஷினு சும்மா இருந்துரும். ஃப்ரீசர் மைனஸ் 18-ல நிக்குதா பாரு.

பொறவு தண்ணி. ஒன் வீடு கடைசி மாடியில்லா? மொட்டை மாடித் தொட்டிக்கும் ஒன் ஃபிரிட்ஜுக்கும் பத்தடி ஒசரம் இருந்தாப் பெருசு. அது நாலரை பி.எஸ்.ஐ. அழுத்தங்கூடத் தராது, பல பெட்டிக்குக் கொறஞ்சது 20 பி.எஸ்.ஐ. வேணும். அழுத்தம் கொறஞ்சா வால்வு சரியா மூடாம சொட்டுச் சொட்டா ஒழுகி, தண்ணி விழுத குழாய்க்குள்ளயே உறைஞ்சு அடைச்சுக்கிடும். பிளக்கைப் பிடுங்கிட்டு, சுடுதண்ணியில நனைச்ச துணியை அந்தக் குழாயில சுத்து. அப்படியே ஒரு பூஸ்டர் பம்பும் வாங்கு. அம்புட்டு வெலைக்குப் பெட்டி வாங்கையில வராத கஞ்சத்தனம் இப்போ எங்கருந்துலே வருது?

ஃபில்டரை எப்போ மாத்துன? ஃபில்டரா, அப்படி ஒண்ணு இருக்கான்னு முழிக்காத. ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும்; போர் தண்ணின்னா அதுக்கு முந்தியே அடைச்சுக்கிடும். மாத்துன பொறவு வருத மொத ரெண்டு ஈடு ஐஸைக் கீழ கொட்டிரு, வந்தவங்க மோருல போட்டுக் குடுத்துராத. ஞாயித்துக்கிழமை நான் வாரேன், மூணாவது ஈடு எனக்கு.