கோயம்பேட்டுச் சாக்கடையின் யோகம்

அடுத்த பிறவி என்று ஒன்று இருந்தால் கோயம்பேட்டில் கழிவுநீராகப் பிறக்க வேண்டும். ஒரகடம் பக்கம் வாடகைக் குடித்தனக்காரனாக மட்டும் பிறந்துவிடக் கூடாது.

சென்னை கழுவி ஊற்றுவதில் ஒரு பங்கு கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. 2019 முதல் அங்கே அதற்கு ராஜ உபசாரம். மணலில் வடிகட்டுகிறார்கள், நுண்சவ்வில் பிழிகிறார்கள், ஆர்ஓவில் ஏற்றி உப்பை உருவுகிறார்கள், கடைசியில் ஓசோன் வேறு காட்டுகிறார்கள். நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் எடுக்கும் திறன். அத்தனை அலங்காரமும் முடிந்து, குழாயேறி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட்டுகளுக்கு வந்து இறங்குகிறது. கம்பெனிகளின் கொதிகலனில் உப்புப் படியக் கூடாதல்லவா?

திட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆலைகள் ஏரித் தண்ணீரைக் குடிக்காமல் சாக்கடையைச் சுத்தம் செய்து குடிப்பது நல்ல காரியம்தான். ஆனால் பாகப்பிரிவினையைப் பாருங்கள். பக்கத்திலேயே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்கு. சென்னை கழித்தது கம்பெனிக்கு. நிலத்தடியில் மிச்சமிருக்கும் உப்பு, மாத்தூரிலும் வல்லத்திலும் படப்பையிலும் மாடி மேல் மாடி கட்டிய வாடகை வீடுகளில் ஷிப்ட் முடிந்து வந்து குளிக்கிறவனுக்கு.

அந்த போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கறிவேப்பிலைச் செடியே முகம் சுளிக்கும். கீசர் என்ன பாடுபடும்? தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து காயிலில் போய் ஒட்டிக்கொள்கிறது. சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலுக்குள்ளேயே புழுங்குகிறது. மீட்டர் ஓடுகிறது, காயில் வெடிக்கிறது.

இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. அடுத்த கட்டத்திலேயே ஒரு தாராளம்: மாற்று ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை பரவாயில்லை. அந்த 600-ல் தினம் 100 லிட்டர் கீசருக்குள் போவதாகக் கணக்குப் போடுங்கள். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 22 கிலோ சுண்ணாம்பு அந்தத் தொட்டி வழியாக நடந்து போகிறது. எல்லாம் ஒட்டாது. ஒட்டுகிற கொஞ்சமே போதும். 600-க்கு மேல் என்ன செய்வது என்று தரநிலையைக் கேட்காதீர்கள். அதற்குப் பதில் மெக்கானிக்கிடம்தான் இருக்கிறது.

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். உங்க தண்ணிதான் சரியில்ல."

"வேற தண்ணிக்கு எங்கப்பா போறது?"

"அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல சார்."

அவர் டிபார்ட்மெண்ட் இல்லைதான். வாரண்டி அட்டையின் பின்பக்கம், எறும்பு வரிசை மாதிரி எழுத்தில், உப்புப் படிந்து கெட்டால் கம்பெனி பொறுப்பில்லை என்று முன்கூட்டியே கை கழுவியிருப்பார்கள். கை கழுவ அவர்களுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கிறது.

இதில் உச்சக்கட்ட வேடிக்கை ஸ்ரீபெரும்புதூரில்தான். 2007 முதல் சாம்சங் ஆலை ஓடும் ஊர் அது. டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் அங்கே பிறக்கின்றன. 2024 செப்டம்பரில் தொடங்கி அதன் தொழிலாளர்கள் சங்கத்துக்கும் சம்பளத்துக்குமாக ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்த பிறகுதான், வாஷிங் மெஷினைச் செய்வது மனிதர்கள் என்று நாட்டுக்குத் தெரிந்தது. வாஷிங் மெஷின் பிறக்கும் ஊரிலேயே ஒருவன் தவணைக்கு ஒரு மெஷின் வாங்குகிறான். தவணை முடிவதற்குள் தண்ணீர் நுழையும் வாயில் வெள்ளை அடைத்துக்கொள்கிறது, டிரம் முனகுகிறது. ரகசிய மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே கத்திச் சொன்னார் என்று ராமானுஜரைக் கொண்டாடுகிறோம். அவர் பிறந்த இதே ஊரில் உப்பில்லாத தண்ணீர் மட்டும் காம்பவுண்டு சுவரைத் தாண்டி வராது.

அதிகாரிகளுக்கு உப்பைப் பற்றித் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாகவே தெரியும். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று தெரிந்துதானே கோயம்பேட்டில் ஆலை கட்டினார்கள்? கம்பெனியின் இரும்புக்கு மட்டும் வலிக்கும், நம் வீட்டு இரும்புக்கு மரத்துப்போயிருக்கும் என்று எந்த இன்ஜினீயர் சான்றிதழ் கொடுத்தார்? சாக்கடைத் தண்ணீரைக் குடிக்கக் கேட்கிறாயா என்பார்கள். குடிக்க வேண்டாமய்யா, குடிக்கத்தான் கேன் வாங்கித் தொலைக்கிறோமே. துணி துவைக்கக் கேட்கிறோம். மாற்று ஆதாரம் இல்லாவிட்டால் என்றுதானே தரநிலை சொன்னது? அந்த மாற்று ஆதாரம்தான் வட்டாரம் முழுக்கக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மனு கொடுத்துப் பயனில்லை. மொழியை மாற்ற வேண்டும். அடுத்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் நாமும் கோட்டு மாட்டிக்கொண்டு ஒப்பந்தம் போடப் போகலாம். நிறுவனத்தின் பெயர்: படப்பை ஒண்டுக்குடித்தனம் பிரைவேட் லிமிடெட். முதலீடு: ஒரு கீசர், ஒரு வாஷிங் மெஷின், இரண்டும் பழுது. வேலைவாய்ப்பு: புருஷன், பெண்டாட்டி. நிலம் வேண்டாம், வரிவிலக்கு வேண்டாம், மின்சார மானியம் வேண்டாம். கோரும் சலுகை: அரை அங்குலக் குழாய் ஒன்று.