அளவான குடும்பத்தார்

எங்கள் பக்கத்து நகர்களில் மனிதர்கள் குடியேறுவதற்கு முன்பே பேய்கள் குடியேறிவிடும். தருமபுரியை விட்டு எந்தச் சாலையில் வெளியேறினாலும் பார்க்கலாம். நேற்றுவரை சாமையும் துவரையும் விளைந்த காட்டில் மஞ்சள் பூசிய கல் நட்டு, வளைவு கட்டி, ஏதாவது ஒரு சாமி பெயரோடு 'நகர்' என்று எழுதியிருப்பார்கள். அஸ்திவாரம் எழும்பியதும், பழைய பேன்ட் சட்டைக்குள் வைக்கோல் அடைத்த ஆள் ஒருவன் கம்பியில் தொங்குவான். கூரைக்கு கான்கிரீட் போட்டதும் அவனுக்குப் பணி ஓய்வு. கோரைப்பல்லும் முழிக்கண்ணும் தொங்கும் நாக்குமாக ஒரு பூசணிக்காய் பொறுப்பேற்கும். கிரகப்பிரவேசம் முடிந்தபின் நிலைப்படிக்கு மேலே படிகாரம், தலைகீழாகத் தொங்கும் கற்றாழை, கேட் ஓரத்தில் வெள்ளெருக்கு. போதாததற்கு நாலு மூலைக்கும் நாலு கேமரா.

இத்தனை காவலுக்கும் உள்ளே இருப்பவர்தான் நம் ஆள். அளவான குடும்பத்தார்.

ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் சிவப்பு முக்கோணத்தோடு எழுதிவைத்த வாசகத்தை ஊரே படித்துவிட்டுக் கடந்துபோனது. இவர் ஒருவர்தான் அதை மந்திரமாக எடுத்துக்கொண்டார். மனைவி ஒன்று, மகள் ஒன்று, மகன் ஒன்று. காரில் நாலு சீட் அவர்களுக்கு, ஐந்தாவது சீட் அம்மாவுக்கு. அம்மா வராத நாளில் அதில் பழக்கூடை. வீட்டுக்கு 'அன்னை இல்லம்' என்று கிரானைட்டில் பெயர் வெட்டியிருக்கிறார். காலையில் நடை, பிறகு காருக்குக் குளியல், பிறகு தனக்குக் குளியல். ஜனவரி 24 தேசியப் பெண் குழந்தைகள் தினம் என்பது அந்தத் துறை அதிகாரிகளுக்கே மறந்துபோகலாம், இவருக்கு மறக்காது. விடிவதற்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மகளின் படம், கீழே 'எங்கள் வீட்டு மகாலட்சுமி', பக்கத்தில் ஏழெட்டு இதயம். பத்து மணிக்குள் தெருவே அதைப் பார்த்திருக்கும். யார் யார் பார்த்தார்கள் என்று பதினொரு மணிக்கு இவர் பார்த்திருப்பார்.

ஹாலில் நுழைந்ததும் எதிரே அந்தக் குடும்பப் படம். ஆள் உயரம், தங்க நிறச் சட்டம். அதில் ஒரு விசேஷம் உண்டு. எங்கள் மாவட்டத்துப் போர் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை படிந்திருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதனால் படத்தில் அப்பாவும் அம்மாவும் உதட்டைச் சேர்த்துப் புன்னகைக்கிறார்கள். இரண்டு தண்ணீரும் குடித்த மகள் பாதி சிரிக்கிறாள். காவிரி மட்டுமே குடித்த மகன் முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறான், அல்லது அந்த வயதுக்கு உள்ளவை எல்லாம் தெரிய. வாயை மூடிக்கொண்டு சிரிப்பது எங்கள் மாவட்டத்தின் பழைய பழக்கம். தண்ணீர் மாறியும் சில வீடுகளில் அது போகவில்லை.

விருந்தாளி கேட்பார்: "பாப்பா என்ன படிக்கிறாங்க?"

"பிளஸ் டூங்க."

"தம்பி?"

"நாலாவதுங்க."

இந்த இடத்தில் கணக்கு வாத்தியார் யாராவது இருந்தால் மனசுக்குள் ஒரு கழித்தல் போடுவார். எட்டு வருஷம். நம் ஆள் அதற்கும் தயார். "நடுவுல கொஞ்சம் கேப் விட்டோமுங்க. எல்லாம் ஒரு பிளானிங்தான்."

பேய்க்கதைகளில் வரும் வீடுகளில் ஒரு பூட்டிய அறை இருக்கும். ராத்திரியானால் உள்ளேயிருந்து சத்தம் வரும். எங்கள் நகரில் அப்படி அறைகள் கிடையாது, வாஸ்து ஒப்புக்கொள்ளாது. இங்கே பூட்டிக் கிடப்பது பிள்ளைகளின் வயசுக்கு நடுவே இருக்கும் இந்த எட்டு வருஷம். அதிலிருந்து சத்தமும் வராது. எல்லா இடைவெளியையும் இப்படிப் படித்துவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்காமல் போனது, பணமில்லாமல் தள்ளிப்போட்டது, புருஷன் வளைகுடாவில் இருந்தது என்று ஆயிரம் நியாயம் இருக்கும். எனக்கும் என் தங்கைக்கும் ஆறு வருஷம். என்னை உறுத்துவது இடைவெளி அல்ல, அதன் ஒழுங்கு. பெண் முதலில் பிறந்த வீட்டில்தான் அது நீள்கிறது. முதல் பிள்ளையே பையன் என்றால் கடையை அன்றே மூடிவிடுகிறார்கள்.

இவருடைய அம்மா காலத்தில் இத்தனை நாசூக்கு இல்லை. கேட் ஓரத்து வெள்ளெருக்கின் வேரில் பிள்ளையார் செய்து வைத்தால் கண்ணேறு அண்டாது என்று இவர் எனக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். எருக்கம்பாலுக்கு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்னொரு வேலையும் இருந்தது என்பதை அந்த வகுப்பில் சொல்லமாட்டார். கள்ளிப்பால், எருக்கம்பால், நெல்மணி. மூன்றாவது பெண்ணுக்கு, சில வீட்டில் இரண்டாவதற்கே. 1992-இல் அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, 2001-இல் தருமபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல்லுக்கும் விரித்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று ஓர் அரசாங்கமே கெஞ்சிய காலம். அந்த 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் ஆயிரம் பையன்களுக்கு இங்கே 826 பெண் பிள்ளைகள். மாநிலச் சராசரி 942.

இந்தப் பேச்சை எடுத்தால் நம் ஆள் கொதிப்பார். "அதெல்லாம் அந்தக் காலத்துப் படிக்காத சனம் பண்ணுனதுங்க. மனுசனாங்க அவங்க?" 1994-இல் வந்த 'கருத்தம்மா'வைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்பார். 2011-இல் அந்த 826 என்பது 913 ஆகிவிட்டதை எனக்கு முதலில் சொன்னவரே இவர்தான். சொந்த மகள் மார்க் வாங்கியது மாதிரி அத்தனை பெருமை. எருக்கம்பால் என்ற சொல்லைக் கேட்டாலே அருவருப்பு வரும் அளவுக்கு உண்மையிலேயே பண்பட்டவர். பிறந்த குழந்தையைத் தொட இவருக்குக் கை வராது. ஆகவே பிறக்கும்வரை விடுவதில்லை.

அதற்கு நல்ல துணி உடுத்திக்கொண்டு போவார்கள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, "சொந்தத்துல ஒரு விசேஷமுங்க, சாயந்திரம் வந்துருவோம்" என்று சொல்லிப் போவார்கள். வடக்கே லட்டு, ஜிலேபி என்று இனிப்புப் பெயரில் விடை சொல்வார்களாம், செய்தித்தாள்களில் வந்திருக்கிறது. நாம் காரப் பிரியர்கள், இங்கே என்ன சொல்கிறார்களோ. போகும் இடம் ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரியில் 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம்' என்று பெரிய போர்டு இருக்கும். போர்டுக்கு மரியாதை கொடுப்பவர் இவர். 2022 மே மாதம் தருமபுரியில் ஒரு கும்பல் பிடிபட்டபோதுதான் விஷயம் வெளிச்சமானது. ஸ்கேன் நடந்தது ஒரு வீட்டில். கையில் தூக்கிக்கொண்டு போகிற கருவி. அதற்குப் பின்னும் மாவட்டத்தில் இப்படிக் கைதுகள் வந்துகொண்டேதான் இருந்தன. நான் கற்பனை செய்துகொள்ளும் அந்த வீடு எங்கள் நகர் வீடு மாதிரியே இருக்கிறது. நிலைப்படிக்கு மேலே கற்றாழை, முகப்பில் பூசணி முகம். உள்ளே வருபவர்களைப் பார்த்து அந்த முகம்தான் பயந்திருக்கும்.

கைதுச் செய்தி வந்த மறுநாள் எங்கள் தெருமுனை டீக்கடையில் நம் ஆள் பேப்பரை நாலாக மடித்து வைத்தார். "உலகம் கெட்டுப்போச்சு சார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த மாதிரி வீடு நம்ம நகர்ல இருந்துச்சுன்னா சைட் ரேட்டு என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க" என்றார். யோசித்துப் பார்த்தோம். எல்லோருக்கும் உண்மையிலேயே பயமாக இருந்தது.

கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. அதில் ஒரு பிரிவை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரித்ததற்கு வெட்கம் வந்தது. ஒரு கர்ப்பிணி இந்தச் சோதனைக்கு உட்பட்டிருந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, கணவனோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற சட்டங்கள் சாட்சி கேட்கும். இந்தச் சட்டம் எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போனவர்கள் எழுதியது மாதிரி இருக்கிறது.

அளவான குடும்பத்தாரின் மனைவியைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு. தேய்பிறை அஷ்டமி தவறாமல் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போய்ப் பூசணிக்காயில் விளக்கேற்றிவிட்டு வருவார். என்ன வேண்டுதல் என்று கேட்டால் "சும்மாதாங்க்கா" என்று என் மனைவியிடம் சொல்வார். கேட் ஓரத்துச் செடிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுவார். வெள்ளெருக்குக்கு மட்டும் மாமியார் ஊற்ற வேண்டும்.

இப்போது நம் ஆளுக்கு ஒரு பெரிய கவலை. அக்கா மகனுக்கு முப்பத்துநாலு வயசு. ஓசூரில் நல்ல வேலை, ஊரில் மாந்தோப்பு, ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை. ஏழு வருஷமாகப் பெண் தேடுகிறார்கள். புரோக்கருக்குக் கொடுத்த காசில் இன்னொரு சைட் வாங்கியிருக்கலாம். போன வாரம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிஜமான துக்கத்தோடு கேட்டார்:

"நம்ம சனத்துல பொண்ணே இல்லைங்க சார். எல்லாம் எங்கதான் போயிடுச்சுங்களோ?"

நான் எதிரே தொங்கிய அவர் வீட்டுப் பூசணி முகத்தைப் பார்த்தேன். அதுவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு அவர்கள் வீட்டுக் காதுகுத்து நினைவுக்கு வந்தது. மகனுக்கு அப்போது ஐந்து வயசு. மண்டபம், மொய் எழுத இரண்டு மேசை, ஃபிளெக்ஸ் பேனரில் கூலிங்கிளாஸ் போட்ட பையன், எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. முதல் நாள் சாயந்திரம் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படையல். வீட்டில் செத்துப்போன பெண்களைக் கூப்பிட்டு, புதுச்சேலையும் பூவும் வைத்து, நல்ல காரியத்துக்கு உத்தரவு கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணமாகாமல் போன பெண் என்றால் சேலைக்குப் பதிலாகப் பாவாடை சட்டை. பங்காளிகள் மட்டும் இருக்க வேண்டிய பூசை. அவர்கள் கேட்டிருந்த அண்டாவைக் கொடுக்கப் போன நான் நடுவில் மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன்.

அம்மா முறத்தில் மஞ்சள் தெளித்து, தன் மாமியாருக்காக ஒரு சேலையை வைத்தார். பக்கத்தில் பையிலிருந்து குட்டிப் பாவாடைகளை எடுத்து அடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளங்கை அகலம்தான் இருக்கும், பொம்மைக்குத் தைத்த மாதிரி.

நம் ஆள் குனிந்து பார்த்தார். "ஏம்மா, இதெல்லாம் எதுக்கு? நம்ம வூட்ல கன்னியாச் செத்தது யாரு?"

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. பாவாடையின் நாடாவை நீவிவிட்டபடியே சொன்னார். "ஒண்ணு என்னுது. ரெண்டு உன்னுது."

அறையில் ஒருவரும் அசையவில்லை. நம் ஆள் என் பக்கம் திரும்பி, உதட்டைப் பிரிக்காமல் சிரித்தார். "வயசாயிடுச்சுங்க சார். கணக்கு மாத்திச் சொல்லுது."

அவர் மனைவி எழுந்து படுக்கையறைக்குள் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் இன்னொரு குட்டிப் பாவாடை இருந்தது. கடையில் வாங்கியது அல்ல, பழைய பட்டுச் சேலையின் முந்தியை வெட்டிக் கையால் தைத்தது. மடிப்பு விழுந்த இடத்தில் நிறம் மங்கியிருந்தது.

மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றையும் கொஞ்சம் தள்ளி வைத்து, முறத்தில் இடம் விட்டார்.