பிள்ளையார்பாளையத்துத் தோடியும் அதன் பாடபேதங்களும்

வீட்டில் கைபேசியை நிறுத்திவைத்துப் பாடிப் பதிந்த ஒரு பாட்டு, சக இசைக்காரர்கள் சொல்லும் திருத்தங்களால் எவ்வாறு தேறுகிறது என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். இப்பொருளைத் தொல்காப்பியர் தொடவில்லை. நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்தார். பாட்டைப் பதிகிறவனுக்கு ஒன்றும் சொல்லாமல் போனார். பல்லவர் காலத்துக் காஞ்சியோடு தொடர்புபடுத்தப்படும் தண்டியும் காவியத்துக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றே எண்ணினார். பெரியவர்கள் இருவர் இருபது குற்றங்களைத் தயாராக வைத்துவிட்டுப் போயிருக்க, அத்தனையும் ஒரே பாட்டில் அமையுமா என்று சோதித்துப் பார்க்க எவரும் முன்வரவில்லை. அந்தக் குறையைக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து இளைஞர் ஒருவர் போக்கினார்.

இவர் பகலில் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர், இரவில் சாகித்யகர்த்தா. காமாட்சியம்மன்மேல் தோடி ராகத்தில், ஆதி தாளத்தில் ஒரு பாட்டுக் கட்டினார். முன்னால் சின்னதாக ஓர் ஆலாபனை. எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம். காஞ்சியிலிருந்து தஞ்சைக்குப் போன பங்காரு காமாட்சியைப் பூசித்த குடும்பத்தில் பிறந்த சியாமா சாஸ்திரி (1762–1827) இந்த அம்மனைப் பாடி வைத்துவிட்டுப் போன பிறகும் இப்படி ஒரு துணிச்சல். தோடியை எடுத்தது ஏன் எனின், எளிய ராகத்தில் பிசகினால் பிசகு என்று தெரிந்துவிடும். தோடியில் பிசகினால் கமகம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பதிவு நடந்தது உள்ளறையில். முன்கட்டில் அப்பாவின் குழித்தறி. மிருதங்க நண்பர் நேரில் வந்து கூட வாசித்தார். வயலின் டீச்சர் பாட்டைச் சின்ன காஞ்சிபுரத்தில் தம் வீட்டிலேயே கேட்டுக் கேட்டு வாசித்துப் பதிந்து அனுப்பினார். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்தார். இவ்வாறு உண்டானதை மூலபாடம் என்போம்.

முன்னோர் செய்த ஆய்வுகளில் தலையாயது இவ்வூர்க் குமரகோட்டத்தில் நடந்தது. அக்கோயில் அர்ச்சகர் கச்சியப்ப சிவாசாரியார் நாளுக்கு 100 பாட்டாகக் கந்தபுராணம் எழுதி, இரவில் சந்நிதியில் வைத்துக் கதவடைப்பார். காலையில் திறந்தால் முருகனே திருத்தி வைத்திருப்பான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 10,345 பாட்டும் இப்படியே முடிந்தன. இதைவிட ஒழுங்காகத் திருத்தம் வாங்கியவர் உலகில் இல்லை. படித்தவர் ஒருவர், பதில் மறுநாள் காலையில், ‘வேலையா இருக்கேன், அப்புறம் பாக்கறேன்’ என்ற பேச்சே கிடையாது. அப்படியிருந்தும் அரங்கேற்றத்தன்று நடந்ததென்ன? முதற்பாட்டின் முதற்சொல்லிலேயே ஒருவர் எழுந்து, இந்தப் புணர்ச்சிக்கு விதி எங்கே என்று கேட்டுவிட்டார். அந்த முதலடியோ முருகனே எடுத்துக் கொடுத்தது. சபை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரங்கேற்றம் நின்றது. சோழ நாட்டிலிருந்து ஒரு புலவர் வீரசோழியம் என்ற இலக்கணத்தைக் கொண்டுவந்து விதியைக் காட்டிய பிறகுதான் மேலே போயிற்று. அரங்கேறிய மண்டபத்தைக் கோயிலுக்குள் இன்றும் காட்டுகிறார்கள். கடவுளின் முதலடிக்கே ஆட்சேபம் தெரிவித்த ஊர், பட்டுக்கடைப் பையனின் தோடியைச் சும்மா விடாது என்பது நமது கருதுகோள்.

அடுத்து நோக்கத்தக்கவர் காஞ்சிபுரம் நாயினா பிள்ளை (1889–1934). இவருடைய கச்சேரிக்கு ‘புல் பெஞ்ச்’ என்று பெயர். வயலின், மிருதங்கத்தோடு நில்லாமல் கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய லயக்காரர்களை உட்கார வைத்துக்கொண்டு பல்லவி பாடுவார். இவர்கள் எல்லாரும் கையில் வாத்தியம் வைத்திருந்த விமர்சகர்கள். ஒரு மாத்திரை பிசகினால் அடுத்த ஆவர்த்தனத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இரவு பதினோரு மணிக்குக் குரல்செய்தி அனுப்பவேண்டிய தேவை இல்லை. இவ்வூரில் 1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாள், சிறுமியாக இருக்கையில் நாயினா பிள்ளை நடத்திய போட்டியில் பாடிப் பரிசு பெற்றவர். பெண்கள் மேடையில் பல்லவி பாடுவதாவது என்றிருந்த காலத்தில் பாடியும் காட்டினார். பாட்டு கவிழ்ந்தால் தானும் கூடவே கவிழவேண்டிய ஒருவர் சொல்லும் குறை வேறு, சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லும் குறை வேறு. இந்த வேறுபாட்டை நம் இளைஞர் கணக்கில் கொள்ளவில்லை. கைபேசியில் இருந்த இசைக்காரர்கள் அத்தனை பேருக்கும் மூலபாடத்தை அனுப்பிவிட்டார்.

வந்த கருத்துகளில் பெரும்பான்மை ‘சூப்பர்’ என்பது. ஆறு நிமிடப் பாட்டு போய்ச்சேர்ந்த அரை நிமிடத்தில் சூப்பர் திரும்பி வருதல் எங்ஙனம் எனின், கேட்டல் வேறு, பாராட்டல் வேறு. முன்னது காதின் தொழில், பின்னது கட்டைவிரலின் தொழில் என்க. ‘சூப்பர் தம்பி, ஆனா...’ என்று வருபவை சிறுபான்மை. ஆய்வுக்கு உரியது அந்த ஆனாவுக்குப் பின்னால் வருவது மட்டுமே.

மிருதங்க நண்பர் சொன்னார்: “பாட்டு நல்லா வந்திருக்குப்பா. ஆனா தொப்பி கேக்கவே இல்லியே.” வயலின் டீச்சர்: “எல்லாம் சரிதான். வயலினை எதுக்கு இப்படி அமுக்கி வச்சிருக்க?” கீபோர்டு தம்பி: “அண்ணா, பின்னாடி கீபோர்டைக் கொஞ்சம் ஏத்தினா ரிச்சா இருக்கும்.” இளைஞரின் அம்மா: “உன் குரலே வெளியில வரலியேடா.” அம்மாவின் வாத்தியம் மகன். இவற்றிலிருந்து பெறப்படும் விதியைத் ‘தன்வாத்தியப் பற்று’ எனப் பெயரிட்டு வழங்கலாம்: கேட்பவர் எவராயினும் முதலில் தம்மைத் தேடுவார், தாம் இருக்கவேண்டிய அளவில் தாம் இல்லை என்று காண்பார். இவர்கள் பொய் சொல்லவில்லை என்பது முக்கியம். மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பி உண்மையாகவே கேட்கவில்லை.

இளைஞர் யார் மனத்தையும் நோகடிக்க விரும்பாதவர். தொப்பியை ஏற்றினார், வயலினை ஏற்றினார், கீபோர்டை ஏற்றினார், அம்மாவுக்காகக் குரலையும் ஏற்றினார். எல்லாம் சேர்ந்து ஏறியதால் எதுவும் மற்றதைவிட ஏறவில்லை. டிஜிட்டல் பதிவுக்கு உச்சவரம்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டும் அலையின் தலை சீவப்பட்டுவிடும், சீவிய இடமெல்லாம் கரகரக்கும். ‘எல்லாரும் ஓகே’ என்ற பெயரில் சேமிக்கப்பட்ட இந்த இரண்டாம் பாடம், உண்மையில் ஒருவருக்கும் ஓகே ஆகவில்லை.

மூன்றாம் பாடம் கீபோர்டு தம்பியின் கைவண்ணம். சுருதி விலகிய இடங்களை ஆட்டோடியூன் போட்டு நேராக்கினார். 1997இல் வெளிவந்த அந்த மென்பொருள் வகைக்கு, குரல் ஒரு ஸ்வரத்தில் நிற்காமல் அசைந்தால் அது பிழை. பக்கத்திலிருக்கும் ஸ்வரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். தோடியின் காந்தாரமோ அசைவதற்கென்றே பிறந்தது. அசையாத காந்தாரத்தோடு வந்த தோடியைக் கேட்ட நாகஸ்வரப் பெரியவர் ஒருவர், “ஏம்பா, தோடி கேட்டா படிக்கட்டு குடுக்கறியே?” என்றார். இந்த ஆய்வில் பதிவான கருத்துகளில் இதுவே சொற்சுருக்கம் மிக்கது.

நான்காம் பாடத்தைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. நன்னூலார் ‘கூறியது கூறல்’ என்று குற்றத்தில் வைத்ததை இக்காலத்தார் எக்கோ என்று பொத்தானில் வைத்திருக்கிறார்கள், அதை அழுத்தியாயிற்று. ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்ற குற்றத்துக்கும் ஒரு பொத்தான் உண்டு. பாட்டின் கடைசியில் அதையும் அழுத்தியாயிற்று.

திருப்பம் வந்தது கடம் வாசிக்கிறவர் ஒருவரால். பாட்டில் கடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேடுவதற்கு அவருக்கு அங்கே ஒன்றும் இல்லை. அவர் சொன்னது: “அனுபல்லவி முடிச்சுட்டு கீழ்ப் பஞ்சமத்துல நிக்கறல்ல, அங்க யாரோ கூடப் பாடறாங்க.” மற்றவர்கள் பாட்டைப் பற்றிச் சொன்னார்கள், இவர் ஓர் இடத்தைச் சொன்னார். இடம் தெரிந்ததும் ஆளைப் பிடித்துவிட்டார்கள். உள்ளறையிலிருந்த இரும்பு பீரோ. ஒன்றரைக் கட்டைச் சுருதியில் ஆண்குரலின் மந்தர பஞ்சமம் ஏறத்தாழ 104 ஹெர்ட்ஸ். பீரோக் கதவின் இயல்பான அதிர்வும் அதையொட்டியே இருந்திருக்கிறது. குரல் அங்கே வந்து நின்றதும் கதவு கூடவே ரீங்கரித்தது. கடையிலிருந்து வந்த புடவைப் பெட்டி அட்டையை மடித்துக் கதவிடுக்கில் செருகியதும் பீரோ வாயை மூடிக்கொண்டது.

இந்த வெற்றியால் அறையின் ஒலியியல்மேல் கவனம் திரும்பியது. வெறுஞ்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைத் துணி தொங்கவிட்டுக் குறைக்கலாம் என்று யாரோ சொல்ல, காஞ்சிபுரத்தில் துணிக்கா பஞ்சம் என்று அம்மாவின் முகூர்த்தப் புடவை சுவரில் ஏறியது. சுவரோடு ஒட்டிக் கிடக்கும் துணியால் பெரிய பயனில்லை; மடிப்பு மடிப்பாக, சுவரைவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 செ.மீ.; அதில் கால்பங்கு, அதாவது எட்டரை செ.மீ. தள்ளித் தொங்கினால் அந்த ஒலியை நன்றாக விழுங்கும். அதற்குக் கீழே போகப்போகத் துணியால் ஆவது குறைவு. தொப்பியின் கும்மென்ற ஒலிக்கு எந்தப் புடவையும் ஒரு பொருட்டல்ல. ஆறு கஜமா ஒன்பது கஜமா, ஜரிகை கூடினால் உறிஞ்சல் கூடுமா என்ற வினாக்கள் நிலுவையில் உள்ளன. ஆணியைப் பார்த்த அம்மா மேற்கொண்டு ஆராய அனுமதி மறுத்ததால், சோதனை கெட்டிச் சமுக்காளத்தோடு முடிந்தது.

கடக்காரரின் சாதனையிலிருந்து இளைஞர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். இந்த ஆய்வில் உருப்படியானது இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். எவரிடமும் அவருடைய வாத்தியத்தைப் பற்றிக் கேட்கக்கூடாது. பாட்டு எப்படி என்றும் கேட்கக்கூடாது. மிருதங்கக்காரரிடம் சொல்லைக் கேட்டார். “‘காமாட்சி’ல ‘காமா’வுக்கு அப்புறம் மூச்சு வாங்கற. அம்மன் பாதியில நிக்கறா” என்றார். அம்மாவிடம் வயலினைப் பற்றிக் கேட்டார். “அந்தம்மா நல்லாத்தான் வாசிக்கறாங்க. ஆனா நீ பாடறதுக்கு முன்னாடியே போயிடறாங்களே, அது எப்படி?” என்றார் அம்மா. ஆலாபனையில் பாடகர் ஒரு பிடியைப் பாடியபின் வயலின் பின்தொடரவேண்டும். வீட்டில் தனியே உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டு வாசித்ததால், அடுத்து வருவது டீச்சருக்கு மனப்பாடமாகி, நிழல் ஆளுக்கு முன்னே நடந்திருக்கிறது. இசைக்காரர் ஒருவர் காதிலும் படாத இது, சமையற்கட்டிலிருந்து பட்டது.

டீச்சரிடம் மிருதங்கத்தைப் பற்றிக் கேட்டபோது, சரணம் இரண்டாவது வரியில் ஓடுகிறது என்றார். மிருதங்கக்காரர் மறுத்தார், பாடகரும் மறுத்தார். ஓடியவர்கள் இருவரும் சேர்ந்தே ஓடியிருந்தால் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லத்தானே செய்வார்கள். வழக்கைத் தீர்த்தவர் முன்கட்டில் இருந்த தறிக்காரர். மூலபாடத்தில் பின்னணியில் தறிச்சத்தம் முழுக்கப் பதிவாகியிருந்தது. அதைக் கேட்டுவிட்டு, “என் தறி ஒரே மாதிரிதான் போய்க்கிட்டிருக்கு. நீங்க ரெண்டு பேருந்தான் ஓடறீங்க” என்றார். தறி தாளமாகுமோ எனின், எல்லாத் தறியும் ஆகாது. உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு நாடா மூன்று வேண்டும், கரைக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். அதன் நடை மாறிக்கொண்டே இருக்கும். அன்று தறியில் இருந்தது அந்த வகையல்ல, ஒற்றை நாடா. பாட்டைத் திரும்பப் போட்டுத் தறியோடு ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது வரி ஓடித்தான் போயிருந்தது.

தறிச்சத்தத்தை நீக்கவேண்டும் என்பதில் மட்டும் வாத்தியக்காரர் அனைவரும் ஒருமுகமாக இருந்தார்கள். இது எளிதன்று. மின்வெட்டில் மின்விசிறி நிற்கும். கைத்தறிக்கு மின்சாரம் எதற்கு? ஐப்பசி மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறி நெசவு நிற்கும். அப்போது மேலே தகரத்தில் மழை வாசிக்கும். அதுவும் ஓய்ந்த நேரம் பார்த்து உட்கார்ந்தால் தெருவில் சாமி வரும், நாகஸ்வரம் வேறு கட்டையில் ஜன்னல் வழியே நுழையும். பல நாள் காத்திருந்து, தறிக்காரர் உறவினர் கல்யாணத்துக்குப் போன ஒரு மதியத்தில் புதிதாகப் பதிந்தார்கள்.

இப்போது பாட்டுக்கு இரண்டு பாடம் வழங்குகின்றன. தறியின்றி வருவது வாத்தியக்காரர் பாடம். தறியோடு வருவதைத்தான் தெருவில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். இத்தகைய இக்கட்டில் வழிகாட்டுபவர், இவ்வூர் உலகளந்த பெருமாள் கோயில் அர்ச்சகர் மரபினர் என்று சொல்லப்படும் பரிமேலழகர். குறளில் தாம் கொள்ளாத பாடம் எதிர்ப்பட்டால், அப்படி ஓதுவாரும் உளர் என்று ஒரு வரி சொல்லிவிட்டு மேலே நடந்துவிடுவார். நாமும் நடக்கலாம். ஆனால் தன்வாத்தியப் பற்று விதியைச் சரிபார்க்க ஒரு சான்று பாக்கி இருந்தது. கல்யாணத்திலிருந்து திரும்பிய தறிக்காரரிடம் புதிய பாடத்தைப் போட்டுக் காட்டினார் மகன். ஆறு நிமிடமும் கேட்டார்.

“நல்லாத்தான் வந்திருக்கு” என்றார். “ஆனா தறி கேக்கவே இல்லியே.”