எகிறும் ஆன்டிபாடி, ஏய்க்கும் வைரஸ்

கேள்வி: பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்கான சோதனைத் தடுப்பூசிகள் ரத்தத்தில் ஆன்டிபாடியை எகிற வைக்கின்றனவாமே! பிறகு ஏன் இன்னும் ஒன்றும் விற்பனைக்கு வரவில்லை?

பதில்: எகிறியது உண்மை, பலன்தான் காலை வாரிவிட்டது. அமெரிக்கா, கனடாவில் 8,323 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2012-ல் வெளியானது. ஹெர்பிஸ் தரும் ஹெச்.எஸ்.வி-2 வைரஸின் புரதத்தை வைத்துத் தயாரித்த ஊசி, அந்த வைரஸை ஒன்றும் செய்யவில்லை. அதன் பங்காளி ஹெச்.எஸ்.வி-1 தரும் பிறப்புறுப்பு நோயை மட்டும் 58 சதவிகிதம் தடுத்தது. அண்ணனுக்குப் பார்த்த பெண் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட கதை!

சருமம் வழியே நுழையும் வைரஸ், முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்பு முடிச்சுக்குள் போய்ப் படுத்துவிடுகிறது. செல்லுக்குள் ஒளிந்ததை ஆன்டிபாடியால் தொட முடியாது. எனவே, வைரஸ் புகுந்த செல்லையே தாக்கும் டி செல்களை நுழையும் இடத்திலேயே நிறுத்திவைக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள். அதுவரை ஆணுறை உண்டு. அதுவும் அபாயத்தைக் குறைக்குமே தவிர, உத்தரவாத அட்டை தராது!