மலாய் மொழியில் வாலும் வாலின்மையும்: தொடக்கநிலைக் கற்போரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. நோக்கம்

வேலை கிடைத்துக் கோலாலம்பூரில் வந்திறங்கும் தமிழரிடம் எல்லாரும் சொல்வது, "மலாய் ரொம்ப ஈஸி." இக்கூற்றை மறுத்து, எளிய மொழியொன்றைத் தக்க முறையில் கடினமாக்கித் தருவதே இவ்வாய்வின் நோக்கம்.

2. காலம்

வினைச்சொல் காலம் காட்டாது. நேற்றுப் போனாலும் 'பெர்கி', நாளை போனாலும் 'பெர்கி'. ஆய்வாளருக்கு இங்கு வேலை இல்லை.

3. நாமும் நாங்களும்

'கீத்தா', 'காமி'. ஆங்கிலேயர் இடறுவர், தமிழர் இடறார். இடறாத இடத்தில் ஆய்வேடு விளையாது.

4. இரட்டித்தல்

பன்மைக்குச் சொல்லை இரட்டிப்பர். முன்பு இரண்டாம் முறை எழுதச் சோம்பி, பக்கத்தில் 2 என்று போட்டனர். 1972 எழுத்துச் சீர்திருத்தம் அச்சலுகையைப் பறித்தது. ஆமையோ ஒன்றேயாயினும் 'கூரா-கூரா'.

5. கடன்சொல்

கடை 'கெடாய்', கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்', பெட்டி 'பெத்தி'. இந்நான்கை வைத்துக்கொண்டு மாநாட்டில் முக்கால் மணி நேரம் முழங்கி, உலக மொழிகளுக்கெல்லாம் தாயைக் கண்டறிந்து, பொன்னாடையும் பெறலாம். பொன்னாடையோடு வெளியே வரும் அறிஞர், எதிரிலுள்ள கெடாயில் பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு 'தே ஓ கோசோங்' என்று கேட்கத் தெரியாமல் நிற்பது வேறு துறையைச் சார்ந்தது.

6. வால்

மலாயில் எண் தனியே பெயரை அணுகாது. நடுவே ஒரு சொல் நிற்கவேண்டும். மனிதருக்கு 'ஓராங்'. வீடு, கார், நாடு ஆகியவற்றுக்குப் பழம் எனப் பொருள்படும் 'புவா'. பேனாவுக்கும் ஆற்றுக்கும் 'பாத்தாங்'. கடிதத்துக்கும் துப்பாக்கிக்கும் ஒரே 'பூச்சோக்'. காரணம் மணமானவர்க்கு விளங்கும். விலங்குக்கு 'எக்கோர்', அதாவது வால்.

ஆடு மாடுகளில் ஐயமில்லை. அற்றேல், தவளைக்கு வால் யாண்டையது எனின், தலைப்பிரட்டைப் பருவத்தில் இருந்தது. அம்முன்னுரிமை பற்றி வந்தது என்க (காண்க: வீட்டுப் பின்புறக் குட்டை, மழைக்காலப் பதிப்பு). கொசுவுக்கு? அடித்தபின் ஆராயும் அளவுக்கு எதுவும் எஞ்சுவதில்லை (காண்க: வலது உள்ளங்கை, மாலைப் பதிப்பு, இரத்தக்கறை படிந்த பிரதி).

இனி ஓராங் ஊத்தான். 'ஓராங்' மனிதர், 'ஊத்தான்' காடு. பெயரிலேயே மனிதப் பட்டம் உண்டு. எண்ணும்போதோ 'எக்கோர்'! சரி, வாலாவது உண்டா? வாலில்லாக் குரங்கினம் அது. ஆக, பெயரில் மனிதர், கணக்கில் வால், உடம்பில் ஒன்றுமில்லை. பெயரில் 'கௌரவ' என்பதைச் சுமந்தும் சம்பளக் கணக்கில் வேறாக எண்ணப்படும் விரிவுரையாளரை இஃது ஒக்கும். பெயரிட்டவர் எண்ணவில்லை, எண்ணியவர் பின்புறம் பார்க்கவில்லை என்பாரும் உளர் (காண்க: நூலகத்து மலாய் அகராதி, கிழிக்கப்பட்ட பக்கம், கிழித்தவர் முனைவர் பட்டம் பெற்றுவிட்டமையால் பக்கம் திரும்ப வர வாய்ப்பில்லை).

வாலுக்குப் பொருளியலும் உண்டு. நான்கு இலக்கப் பரிசுச் சீட்டு எண்ணுக்கு 'நொம்போர் எக்கோர்' என்று பெயர். இந்த வாலைப் பிடித்து மேலேறியோர் சிலர், பிடித்தோர் பலர் (ஒப்பிடுக: கடைவாசலில் கசக்கி எறிந்த சீட்டுகள், ஞாயிறு இரவுத் தொகுதி, ஆசிரியர்கள் பலர், பெருமூச்சு ஒன்று, மறுபதிப்பு புதன்கிழமை).

7. களப்பணி

உணவுக்கடையில் மலாய்க்காரர் ஒருவர், "அண்ணே! தே தாரேக் சாத்து, ரொட்டி சானாய் டுவா" என்றார். எண் பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது; நடுவே நிற்கவேண்டிய சொல்லை எங்கும் காணோம். ஆயினும் ஒரு தேநீரும் இரண்டு ரொட்டியும் பிழையின்றி வந்துசேர்ந்தன. இத்தரவு ஆறாம் பிரிவை அடியோடு குலைப்பதால் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.