விடியும் நேரத்தில் விளக்கு வைக்கிறவர்கள்

கேள்வி: என் மகள் காரைக்காலில் வீட்டிலிருந்தே நியூயார்க் குழுவோடு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறாள். சின்னச் சந்தேகத்துக்கும் பதில் வர ஒரு நாள். மீட்டிங்கோ சரியாகச் சாப்பாட்டு நேரத்தில். இதற்கு விடிவு உண்டா?
– ஒரு வாசகி, திருநள்ளாறு

பதில்: விடிவுதானே அம்மா சிக்கலே! இங்கே விடியும்போது அங்கே விளக்கு வைக்கிறார்கள். நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அவர்கள் ஆண்டுக்கு இருமுறை கடிகார முள்ளைத் திருப்புகிறார்கள். நகர்வது உங்கள் வீட்டு இரவுச் சோறு.

மாலை 5 மணிக்கு ‘ஓடவில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டு மகள் எழுந்துவிட்டால், ‘எது ஓடவில்லை?’ என்ற மறுகேள்வியை அவள் பார்ப்பது மறுநாள் காலை. அப்போது கேட்டவர் தூங்கப் போயிருப்பார். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் காரைக்கால். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கும்வரை பிரான்ஸுக்கான கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றின. அந்தக் காலத்தில் மறுகேள்வி என்றால் மாதக்கணக்கு. மகளும் கப்பல் கடிதம்போல எழுதட்டும்: என்ன பிழை, எந்தக் கோப்பு, எதைச் செய்து பார்த்தாள், பதில் வராவிட்டால் எதைத் தொடர்வாள்.

மீட்டிங் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு வாரம் இவள் இரவில் உட்கார்ந்தால், அடுத்த வாரம் அவர்கள் காலை 7 மணிக்கு எழுந்து வரட்டும். நமக்கு அது மாலை 4.30 அல்லது 5.30. சலுகையாக இல்லை, உரிமையாகவே கேட்கலாம்.

வேலை மாறுவதாக இருந்தால் பாரிஸ் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே காலை 9 என்றால் இங்கே பகல் 12.30 அல்லது 1.30. பிரெஞ்சு சொல்லித்தரக் காரைக்காலிலேயே ஆள் கிடைக்கும்.