கூப்பிடு தூரத்தில்

நல்ல அரசுச் சேவை எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், செங்கல்பட்டு மாவட்டத்தில் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது. அது டாஸ்மாக். இனி வரும் புகழ்ச்சியில் மிகை கிடையாது. எல்லாமே ஊரறிய நடப்பவை.

1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மதுவின் மொத்த விற்பனைக்காக அமைந்த அந்த அரசு நிறுவனம், 2003 நவம்பர் 29 அன்று சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019-இல், அதே நவம்பர் 29. மாவட்டம் பிறந்த அன்றைக்குக் கடைக்குப் பதினாறு வயது நிறைந்திருந்தது.

அதன் ஒழுங்கைப் பாருங்கள். பகல் 12 மணிக்குத் திறக்கும் என்றால் திறக்கும். இரவு 10 மணி வரை ஆள் இருப்பார். "டாக்டர் இன்னிக்கு லீவு, வியாழக்கிழமை வாங்க" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஓ.பி. சீட்டு வேண்டாம், ஆதார் வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம், எங்கிருந்தும் கடிதம் வாங்கிவர வேண்டாம். வந்தவரை நாலு பேர் முன்னால் நிறுத்தி, "ஏன்யா இப்படிக் குடிச்சுக் குடும்பத்தக் கெடுக்கிற?" என்று யாரும் திட்டுவதில்லை. கூலி வாங்கிக்கொண்டு நேராக வருபவருக்கும் அது திறந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் புறநோயாளிகளைக் காலையில் தொடங்கிப் பகல் 12 மணி வரை பார்ப்பது வழக்கம். அந்த ஜன்னல் மூடுகிற நேரத்தில் இந்த ஜன்னல் திறக்கிறது. வேலைக்குப் போகும் ஏழை மனிதன் எந்த நேரத்தில் வருவான் என்பதை அரசு அறியாமல் இல்லை. ஒரு துறையில் அதை மிக நன்றாக அறிந்து வைத்திருக்கிறது.

தூரத்தையும் அறிந்து வைத்திருக்கிறது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் மாநிலத்தில் 4,829 கடைகள் மிஞ்சின. நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது, பல கடைகள் சாலையை விட்டு ஊருக்குள் வந்தன. தெருப் பெண்கள் மறித்தார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள், அடியும் பட்டார்கள். வாடிக்கையாளரைக் கைவிடக் கூடாது என்பதில் இவ்வளவு உறுதி காட்டிய அரசு நிறுவனம் இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. போதை மீட்புக்கென்று அரசு 2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மையங்களைத் திறந்தது. தேவையான காரியம்தான், மனமாரப் பாராட்டுகிறேன். மாநிலத்தில் மாவட்டங்கள் 38.

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் உளி பிடிப்பவரோ, கொக்கிலமேட்டில் வலை இழுப்பவரோ குடியை விட நினைத்தால், மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையான செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு வர வேண்டும். திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அவருடைய அன்றைய கூலி போகும். கூட வரும் மனைவியின் மீன் வியாபாரமும் போகும். இதற்கு நடுவே அந்தச் சாலையில் எத்தனை கடைகளைத் தாண்டி வர வேண்டும் என்பதை அவரே சொல்வார்.

இந்த வட்டாரத்தில் குடியை நிறுத்த மக்கள் தாங்களாகவே கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. மாலை போடுவது. சபரிமலைக்குப் போடுவார்கள், மேல்மருவத்தூருக்குப் போடுவார்கள். சிலர் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். வீட்டுப் பெண்கள் அந்த நாட்களுக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பார்கள். செலவில்லாத, அக்கம்பக்கத்தின் மரியாதையோடு கூடிய ஏற்பாடு அது. "சாமி" என்று ஊரே கூப்பிடும்போது ஒரு மனிதன் நிமிர்ந்து நிற்கிறான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் பல வருடம் தினமும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதை மாலை போட்டுவிடும் குருசாமியிடம் சுகாதாரத் துறை போய்ச் சொன்னதுண்டா? முதல் நாளே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள், நான்காம் நாளில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், சுவரில் பூச்சி ஊரும், பகலா இரவா என்று தெரியாது. வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். இது நோய். உயிரைக் கொண்டுபோகக்கூடிய நோய். மருத்துவர் பக்கத்தில் இருந்தால் சில நாட்களுக்கு டயஸெபாம் வகை மருந்தும், தயமின் ஊசியும், நீரும் உணவும் கொடுத்துக் கரையேற்றிவிடலாம். விலை உயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை.

அந்த இரவில் மருத்துவர் பக்கத்தில் இல்லை. நடுக்கம் தாங்காமல் அவர் அலறுகிறார். குடியை நிறுத்தச் சொல்லி அழுத அதே மனைவி, அதே அம்மா, மறுநாள் பகல் 12 மணிக்கு ஆள் அனுப்பி ஒரு குவாட்டர் வாங்கிவரச் சொல்கிறாள். குடித்ததும் நடுக்கம் நிற்கிறது, அன்றைய உயிர் தப்புகிறது. நடுக்கத்துக்கான மருந்தைக் கூப்பிடு தூரத்தில் தடையில்லாமல் வைத்திருக்கும் ஒரே அரசு நிறுவனம் எது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. "இவனெல்லாம் திருந்த மாட்டான்" என்று தெரு சொல்கிறது. திருந்தத்தான் முயன்றார், ஐயா. மூன்று நாள் உடம்போடு தனியாகச் சண்டை போட்டார்.

வீட்டு வாசலுக்கே வந்து அழைத்துப் போகிறவர்களும் உண்டு. தனியார் 'மறுவாழ்வு இல்லங்கள்' சில, குடும்பம் போன் போட்டால் ராத்திரியிலேயே வண்டி அனுப்பும். நாலு பேர் வந்து, திமிறுகிறவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இத்தகைய இடங்கள் பதிவு செய்யப்பட வேண்டும், நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. நன்றாக நடத்தும் இடங்களும் இருக்கின்றன, அவர்களை இதில் சேர்க்கவில்லை. மற்றவர்களின் சுறுசுறுப்பை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூப்பிட்டவுடன் வருகிறார்கள். அரசு அந்த இடத்தைக் காலியாக விட்டது, அவர்கள் நிரப்பினார்கள்.

கணக்கு வைப்பதிலும் டாஸ்மாக்கைக் குறை சொல்ல முடியாது. 2023-24-இல் அரசுக்கு அதன் மூலம் கிடைத்தது 45,855 கோடி ரூபாய். ஒவ்வொரு கடையின் தினசரி விற்பனையும் மேலே போய்ச் சேருகிறது. நீலகிரியில் 2022-இல் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் வந்து, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. காட்டு விலங்கின் காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்ற நல்லெண்ணம். விற்ற பாட்டில் எங்கே போனது என்று தேடிப்போய் மீட்கும் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது. குடித்தவர் எங்கே போனார் என்று தேடும் ஏற்பாட்டுக்கு அந்த 45,855 கோடியில் எத்தனை பைசா வேண்டியிருக்கும்? 2019-இல் வெளியான எய்ம்ஸின் தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்றது. மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுபவர் 180 பேரில் ஒருவர்.

சாவுக்குப் பின் வரும் வேகமும் பாராட்டத் தக்கதே. 2023 மே மாதம் மதுராந்தகம் பக்கத்திலும் மரக்காணத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சில நாளுக்குள் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீண்டும் 10 லட்சம், கடுமையான சட்டத் திருத்தம். அந்தப் பணம் வேண்டும், விதவைகளுக்குச் சேர வேண்டிய பணம் அது. ஆனால் கடைச் சரக்குக்குக் காசில்லாமல் அறுபது ரூபாய் பாக்கெட்டைத் தேடிப் போன அந்த மனிதர், உயிரோடு இருந்தபோது எந்த நர்ஸின் பட்டியலில் இருந்தார்?

முடியாத காரியமல்ல இது. இதே செங்கல்பட்டில், திருமணியில், 1955 முதல் மத்தியத் தொழுநோய் நிலையம் இயங்குகிறது. ஊர் ஒதுக்கிய நோயாளியை வீடு தேடிப் போய், தேமலைப் பார்த்து, கையில் மாத்திரை கொடுத்து மீட்க முடியும் என்று நாட்டுக்குக் காட்டிய தலைமுறை இங்கே பயின்றது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். குடியால் கணவரை இழந்தவர் அவர். அந்த நிறுவனம் மஞ்சக்குடியில் கிராமத்துக்குள்ளேயே முகாம் போட்டு, குடும்பத்தோடு சேர்த்துச் சிகிச்சை கொடுத்தது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில், குடியை விட்டவர் விட நினைப்பவருக்குக் கட்டணமில்லாமல் துணை இருக்கிறார். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. அந்தப் பையில் இன்னும் ஒரு கேள்விக்கு இடம் இருக்கிறது: "வீட்ல யாராவது குடியை நிறுத்தணும்னு நினைக்கிறாங்களா அம்மா?"

மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செய்யூர் மருத்துவமனைகளில் வாரம் ஒரு மாலை, வேலை விட்டு வருபவர்களுக்காகக் குடிநோய்ப் பிரிவு நடக்கட்டும். கை நடுக்கத்தோடு வருபவருக்கு இரவிலும் ஒரு படுக்கை இருக்கட்டும். மனநல உதவிக்கு 14416, போதை மீட்புக்கு 14446 என்ற இலவச எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை எழுதிப் போடப் புது இடம் தேட வேண்டாம். குடிநோயாளி தவறாமல் தினமும் வந்து அண்ணாந்து பார்க்கும் பலகை ஒன்று உண்டு, கடையின் விலைப்பட்டியல். குவாட்டர் விலை எழுதிய அதே அளவு எழுத்தில் அந்த எண்களை நாளைக் காலையிலேயே எழுதலாம். கடை திறக்கப் பகல் 12 மணி ஆகும், நேரம் இருக்கிறது.